மூஞ்சியைப் பார்க்காதே

அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கிட்டிருக்கிற என் பொண்டாட்டிக்கு,

நேர்ல ஆரம்பிச்சா நீ என் வாயை அடைச்சிடுவே. அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை போக்கர் சீட்டாட்டத்துல எத்தனை வருஷமா உங்கிட்டயும் உன் தம்பிகிட்டயும் தோத்துக்கிட்டிருக்கேன்! காசுக்குப் பதிலா வெக்கிற சட்டைப் பட்டன் எல்லாம் கடைசியில உன் பக்கம்தான். "மூஞ்சியைப் பார்க்காதே, மரமண்டை! மூஞ்சி பொய் சொல்லும். முதல் சுத்துலேருந்து எதுக்குப் பந்தயத்தை ஏத்தினாங்க, எதுக்குப் பின்வாங்கினாங்கன்னு சேர்த்துப் பாரு. கையில என்ன சீட்டுன்னு தானா தெரியும்"னு தலையில அடிச்சுக்குவே.

எனக்கு இப்பத்தான் மண்டையில ஏறிச்சு.

போன மாசம் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தே. "ஒண்ணுமில்ல, வெறும் வாயு"ன்னே. நான் உன் மூஞ்சியைப் பார்த்து நம்பிட்டேன். அடுத்த வாரமே என்னை நிக்க வெச்சு வாஷிங் மெஷின் ஓட்டக் கத்துக்கொடுத்தே. அப்புறம், ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்னு சொன்ன உன் அக்காவைத் தேடிப் போயி மணிக்கணக்கா பேசிட்டு வந்தே. அப்பவும் எனக்கு உறைக்கல.

இன்னிக்குக் காலையில மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போன் பண்ணினார். ஆசை ஆசையா ஆர்டர் கொடுத்தியே அந்தப் புதுக் கண்ணாடி, அது வேணாம், பழசே போதும்னு சொல்லிட்டியாமே.

உன் கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. இனிமே தனியா பொத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே. எங்கிட்ட காட்டிடு. நான் அழ மாட்டேன்.

அந்தக் கடைசி வரி பொய்னு, என் மூஞ்சியைப் பார்க்காமலே நீ கண்டுபிடிச்சிருப்பே.

இப்படிக்கு,
உன் மரமண்டை