கசெட்டின் இடது ஓரம்

2025 யூலை 14, திங்கள்

காலையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி இறங்கிப் பாண் வாங்கி, ஐந்து மாடி ஏறினேன். அறுபத்துநாலு வயதில், இந்த வீட்டில் பாண் வாங்க என்னை விட்டால் ஆளில்லை. தம்பி சிவானந்தனுக்கு ஒஃபிஸ். அவன் மனைவி சுதர்சினிக்கு முழங்கால் நோ. டீவிக்கு முன்னால் இருந்தால் மட்டும் அந்த நோ தெரிவதில்லை.

அவர்களின் மகள் மிதுனாவுக்கு செப்டெம்பர் நாலாம் திகதி கலியாணம். இன்றைக்குப் புதிதாக ஒரு ஆசை. ரிசெப்ஷனில் பெரிய திரை வைத்து, தாய் தகப்பன் தாலி கட்டின வீடியோவைப் போட வேண்டுமாம். அந்தக் கசெட் 1996இலிருந்து என் அலுமாரியில்தான் கிடக்கிறது. நானே செய்வித்துத் தருகிறேன் என்றேன். "பென்ட்ரைவில தந்தாலும் காணும் மாமி" என்றாள். டிவிடிதான் என்றேன். கையில் பிடித்துக் கொடுக்கிற மாதிரி ஒன்று இருக்க வேண்டும்.

சுதர்சினி டீவியின் சத்தத்தைக் கூட்டினாள். அவளுக்கு அந்தக் கசெட் பிடிக்காது. "அதில எல்லாரும் இருக்கினம், உன்ர அம்மாவைத்தான் காணேல்லை" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். எத்தனையாவது தரம் சொல்கிறேனோ? நல்லநாள் பெருநாள் ஒன்றும் தவறவிட்டதில்லை.

யூலை 17

ஆடிப் பிறப்பு. சுதர்சினி கூழ் காய்ச்சினாள். இனிப்புக்குப் பனங்கட்டி காணாது. சொன்னேன்.

பின்னேரம் காலி வீதியில் தாஸிமின் கடைக்குப் போனேன். போன் திருத்துகிற கடைகளுக்கு மேல் மாடியில், வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு அறை. பழைய கசெட்டுகளை டிவிடியாக்கித் தருகிறவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். கசெட்டின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். "மிஸ், நாடா முழுக்க வெள்ளையாப் பூஞ்சணம் புடிச்சீக்கு. இத அப்பிடியே போட்டா என்ட மெஷினும் நாசம்." கணக்குப் படிப்பித்த காலத்திலிருந்து வெள்ளவத்தை முழுக்க எனக்கு மிஸ் என்றுதான் பெயர். "நாசமாகாமச் செய்யத்தானே உங்களிட்ட வந்தனான்" என்றேன்.

யூலை 22

நாடாவைத் துடைத்து வேறு கூட்டுக்குள் மாற்றியிருக்கிறார். போட்டுக் காட்டினார். படமா அது? மேல் பக்கம் வளைந்து ஓடுகிறது. அடியில் ஒரு வெள்ளைக் கோடு துடிக்கிறது. எல்லாருடைய முகமும் சிவப்பு. ஐயர் பீட்ரூட் மாதிரி இருக்கிறார். இதற்கா ஒரு கிழமை என்று கேட்டேன். மனிசனுக்குக் கோபமே வராது. "கொஞ்சம் பொறுங்க மிஸ். கோணலை நேராக்க ஒரு பெட்டி ஈக்குது, கூட்டாளிக்கிட்ட எடுத்துட்டு வாறன்."

பொறுக்கத்தான் வேண்டும். வடிவாக வந்தால், மண்டபம் முழுக்கப் பார்க்கட்டும். பெண் பக்கத்தில் யார் வந்தது, யார் வராதது என்று சம்பந்தி வீட்டாரும் பார்க்கட்டும்.

யூலை 29

இன்னும் முடியவில்லை. கசெட் போடுகிற டெக்கின் தலையைக் கழுவுகிறாராம்.

ஓகஸ்ட் 2, சனி

கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

தாஸிம் சந்தோஷமாகக் கூப்பிட்டார். கொம்பியூட்டரில் போட்டார். கோணல் இல்லை, கோடு இல்லை, ஐயருக்கு ஐயரின் நிறம். சுதர்சினியின் கூறைச் சேலையின் கரை கூடத் தெரிகிறது. நானும் வாய் விட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். அப்போது சொன்னார்:

"பழைய டீவி நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மறைச்சுத்தான் காட்டும் மிஸ். நீங்க இவ்வளவு காலமும் முழுப் படத்தப் பாத்ததே இல்ல. இதுல ஓரமெல்லாம் வருது. இந்தா, இடது பக்கம் தூணுக்கிட்ட ஒரு அம்மா நிக்கிறாங்க பாருங்க. தாலி கட்டி முடியுமட்டும் அந்த இடத்தவிட்டு அசையல்ல. யாரு மிஸ் அவங்க?"

விரல் அகலத்தில் ஒரு வெள்ளைச் சேலை. கையில் ஒரு சீலைப் பை.

தெரியாது என்றேன்.

ஓகஸ்ட் 3

எத்தனை தரம் பார்த்தேன் அந்தக் கசெட்டை! 1996இல் வந்த அன்றைக்கே கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் பார்த்தேன். அந்த மனிசி எங்காவது படத்தில் விழுந்திருக்கிறாளா என்று அங்குலம் அங்குலமாகத் தேடினேன். இல்லை. டீவியே எனக்குச் சாட்சி என்று நினைத்து இருபத்தொன்பது வருஷம் வாயடித்தேனே. சனியன் பிடித்த டீவி.

சரி, எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

சுதர்சினியின் தாய் வந்தவ. வன்னியிலிருந்து வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் எடுத்து, வவுனியாவில் முகாமில் கிடந்து, கலியாணத்தன்று காலையில்தான் மண்டப வாசலுக்கு வந்தவ. செருப்பெல்லாம் புழுதி. கொழும்பில் அவவின் முகம் தெரிந்த ஒரே ஆள் சுதர்சினி. அவள் உள்ளே அலங்காரத்தில் இருந்தாள். தம்பி மாமியாரைப் படத்தில்கூடக் கண்டதில்லை. வாசலில் நின்றது நான்.

அவ தாலி அறுத்த மனிசி. அது ஒரு சாட்டு. உண்மை அது இல்லை. கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருந்து டைப் அடித்த பெட்டை, என் தம்பியை மயக்கிப்போட்டாள். நான் வளர்த்த தம்பி. அவனுக்காகத்தான் நான் கட்டாமல் இருந்தேன் என்று ஊர் சொல்லும். அவள் எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் இல்லாதவளாக வரட்டும், தாயே கைவிட்டவளாக வரட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மனிசியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன்: "தாலி கட்டி முடியுமட்டும் இதில நில்லுங்கோ. முன்னுக்கு வராதேங்கோ. உங்கட மகள்தான் சொன்னவ."

அவ என்னைப் பார்த்தா. மகளிடம் கேட்க வேண்டும் என்று கூடச் சொல்லவில்லை. சரி பிள்ளை என்றா. எனக்குப் பிள்ளையாம்!

தாலி ஏறின கையோடு வாடகை வான் ஒன்றில் ஏற்றி அனுப்பினேன். உள்ளே வந்து சுதர்சினியிடம் சொன்னேன்: "அம்மா வரேல்லை. வர விருப்பமிருந்தா வந்திருப்பா." அதற்குப் பிறகு தாய்க்கும் மகளுக்கும் கடிதமே இல்லை. மகள் ஒதுக்கிவிட்டாள் என்று அவ நினைத்தா. அம்மா வரவில்லை என்று இவள் ரோஷத்தில் கிடந்தாள். 2000இல் மல்லாவியில் காய்ச்சலில் செத்துப்போனா என்று இரண்டு மாதம் பிந்தித் தகவல் வந்தது. சுதர்சினி அழவில்லை. எனக்கு அதுவும் ஒரு பேச்சுக்கு உதவியது: தாய் செத்தும் அழாத கல்நெஞ்சுக்காரி என்று.

நான் என்ன, கொலையா செய்தனான்? ஒரு இடத்தில நில்லெண்டு சொன்னனான். அவ்வளவுதானே?

ஓகஸ்ட் 5

தாஸிமிடம் போய் இடது ஓரத்தை வெட்டச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிளியராக்கிட்டு வெட்டவா? ஓரத்த வெட்டினா மிச்சத்தப் பெரிசாக்கணும். படம் மொத்தையாகும், தலையும் வெட்டுப்படும்." பரவாயில்லை என்றேன். "அந்த அம்மா வாழ்த்தி அறுகரிசி எறியுற எடம் கூட வருது மிஸ். எல்லாரும் எறிஞ்ச பொறகு தனியா எறியுறாங்க. மணவறை வரைக்கும் போய்ச் சேரல்ல, பாதியில வுழுகுது. பாக்கவே ஒரு மாதிரி."

"வெட்டுங்கோ" என்றேன்.

ஓகஸ்ட் 10

டிவிடி வந்தது. எல்லாரும் இருந்து பார்த்தோம். வெட்டின வெட்டில் தாலி கட்டும்போது தம்பியின் தலையில் பாதி இல்லை. தம்பி சிரித்தான். மிதுனாவுக்குக் கோபம். "என்ன மாமி இது? அப்பான்ர தலை எங்க? பெரிய திரையில போட்டா வெட்கக்கேடு. நாளைக்கு நான் போய் அவரிட்டக் கேக்கிறன்."

வேண்டாம், நானே போகிறேன் என்றேன். மூன்று தரம் சொன்னேன். மூன்று தரம் சொன்னதுதான் பிழை, அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஓகஸ்ட் 11

விடியவே தாஸிமுக்குக் கோல் எடுத்தேன். போன் ஓஃப். பதினொரு மணிக்குக் கடைக்கு ஓடினேன். "ஒங்கட தம்பிட மகள் இப்பத்தான் போனாங்க மிஸ். நீங்கதான் வெட்டச் சொன்னதெண்டு சொன்னன். நல்ல காலம் முழுப் படமும் அழிக்காம வெச்சிருந்தன். குடுத்தனுப்பினன்." அந்த அப்பாவி மனிசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

லிஃப்ட் வேலை செய்தது. நான் படியால்தான் ஏறினேன். ஆறுதலாக, ஒவ்வொரு மாடியிலும் நின்று.

சாப்பாட்டு மேசையில் லெப்டொப். சுதர்சினி ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்து கை வருகிறது, அரிசி எறிகிறது, அரிசி விழுகிறது. திரும்பவும் கை வருகிறது. மிதுனா பக்கத்தில் நின்று அழுதாள். அவள் காணாத அம்மம்மா. சுதர்சினி அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன சொல்லி அதில நிப்பாட்டினனீங்கள்?"

பொய் வரவில்லை. வழக்கமாக வரும். சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன்.

"சரி மச்சாள்" என்றாள். எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். சீனி அளவாக இருந்தது.

ஓகஸ்ட் 12

தம்பி வழக்கம்போலப் பேப்பர் பார்த்தான், சாப்பிட்டான், ஒஃபிஸ் போனான். அவனிடம் சுதர்சினி சொன்னாளா, இல்லையா?

ஓகஸ்ட் 20

ஒருவரும் ஏசவில்லை. ஏசினால் நல்லது. என்னிடம் வாயில்லையா, திருப்பி ஏச? இன்றைக்குக் கூட, கறியில் உப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை.

பாண் வாங்க இப்போது சுதர்சினி போகிறாள். கேட்காமலே போகிறாள்.

ஓகஸ்ட் 28

தலைவாசல் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். வீடியோவிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. தாஸிம்தான் திருத்திக் கொடுத்திருக்கிறார். வெள்ளைச் சேலை, சீலைப் பை, மாலை போட்டு, குங்குமம் வைத்து. என் அறைக் கதவைத் திறந்தால் நேரே அதுதான்.

தம்பி அதற்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். என் பக்கம் திரும்பவில்லை. அவசரமாக்கும்.

செப்டெம்பர் 4, வியாழன்

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை சுகிர்தன் உயரம், மிதுனாவுக்குப் பொருத்தம். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

புதுச் சேலை உடுத்து முன் வரிசைக் கதிரைக்குப் போனேன். ஒரே மாமி நான். சுதர்சினி வந்து கையைப் பிடித்தாள், மெத்தெனப் பிடித்தாள், பார்க்கிறவர்களுக்கு அன்பு மாதிரி. இடது பக்கத் தூணடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தாலி கட்டி முடியுமட்டும் இதில நில்லுங்கோ மச்சாள். முன்னுக்கு வராதேங்கோ. உங்கட தம்பிதான் சொன்னவர்."

கெட்டிமேளம் முடியும்வரை நின்றேன். கால் கடுத்தது. அறுகரிசித் தட்டு என் பக்கம் வரவில்லை. மணவறைப் பக்கத்தில் தம்பி நின்றான், பட்டு வேட்டியோடு. ஒரு தரம் இந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. கமராக்காரனைத்தான் பார்த்தானோ?

வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலமாகிறது. தம்பி பக்கத்து அறையில் இருமுவது கேட்கிறது. அவன்ர கதவு பத்தடி தூரம். உண்மையா அவன்தான் சொன்னவனோ? இல்லாட்டி அவள் என்ர வசனத்தைத்தான் எனக்குத் திருப்பித் தந்தவளோ? தட்டிக் கேட்டா ஒரு சொல்லில தெரிஞ்சிடும்.

எழும்பிக் கதவு வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஓம் என்று சொல்லிவிட்டானென்றால்?

அந்த மனிசியும் கேட்கவில்லை.