சரஸ்வதி முன் வைத்த படிகம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
3.10.1995, விஜயதசமி

அன்புள்ள மீனலோசனிக்கு,

நானும் நம் பிள்ளை சிவமலரும் சுகம். லண்டன் குளிர் உமக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளும். இங்கே மழை பிடித்துவிட்டது. கிள்ளானில் நேற்றும் வெள்ளமாம்.

உமது ஆய்வு உதவியாளன் லெஸ்லி இந்தக் கடிதத்தைத் தவிர வெறுங்கையோடு வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர். அவனை ஒரு வார்த்தை சொல்லாதேயும். உமது ஆய்வுக்கூடத்துப் படிகங்களை அவன் பத்திரமாகத்தான் கொண்டுவந்தான். காலையில் விமானம், அவன் அறையில் ஃபிரிட்ஜ் இல்லை என்பதால் நேற்று நம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தான். “வெளிய மட்டும் எடுத்துடாதீங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் எடுத்தேன், மீனா. பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமில் வந்து ஒட்டும் அந்த ஜிடிபியேஸ் புரதத்தில் மூன்றாவது பகுதி மட்டும் எவர் எடுத்த எக்ஸ்ரே படத்திலும் தெளிவாக விழவில்லை, குடும்பப் படத்தில் ஆடாமல் நிற்காத பிள்ளை மாதிரி என்பீர். அதைத் தனியே பிரித்துக் குளிரில் படிகமாக்க நீர் வருடக்கணக்காகப் பாடுபட்டபோது, கண்ணுக்குத் தெரியாததற்கு இவ்வளவு கூத்தா என்று கேலி செய்தவன் நான். நேற்று சரஸ்வதி பூசையில் சிவமலரின் புத்தகங்களை அடுக்கியபோது மனம் உறுத்தியது. உமது வேலைக்கும் ஒரு தரம் மரியாதை செய்வோமே என்று படிகத் தட்டை எடுத்துச் சரஸ்வதி படத்தின் முன் வைத்தேன். தீபாராதனை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பூசையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் எடுக்கக் கூடாது என்றார் பூசைக்கு வந்திருந்த கனகேஸ்வரி அக்கா. அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் லெஸ்லி பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இரவெல்லாம் குளிரில்லாமல் இருந்ததில் எல்லாம் கரைந்துவிட்டது. “பிளேன்ல கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம் லா” என்றான். எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், பெட்டியை ஒழுங்காகக் கட்டச் சொல்லவில்லையே என்று நீர் உம்மையே நொந்துகொள்வீர். அதை என்னால் தாங்க முடியாது.

அந்தப் படிகங்களைப் படமெடுக்க அங்கே எக்ஸ்ரே இயந்திரத்தில் உமக்குக் கிடைத்த நாள் வீணாகிவிட்டது. இனி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். டாக்சி வாசலில் நிற்கிறது. டிக்கெட் எடுத்தாயிற்று, லெஸ்லி உமக்குக் கைத்துணையாகவாவது இருக்கட்டும்.

தீபாவளிக்குள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று போனில் கத்தினேனே, அதை மறந்துவிடும். வேலை முடியும்வரை அங்கேயே இரும். அம்மா எப்போது வருவாள் என்று பிள்ளை கேட்கிறாள்; அப்பாவால்தான் தாமதம் என்று நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்துமலை முருகன் உமக்குத் துணையிருக்கட்டும். என்னோடு பேச மனமில்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும். சிவமலரை எடுக்கச் சொல்கிறேன். நான் பக்கத்தில் நின்று உமது குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உமது,
சண்முகரத்தினம்