மடைக்குக் கீழே தண்ணீர்

2024 ஜூன் 9, ஞாயிறு
கண்மாயில் இன்று தூர்வாரத் தொடங்கினார்கள். ஊரே மனுக் கொடுத்து வாங்கிய வேலை. கரையில் தேங்காய் உடைத்து, பொக்லைனுக்கு மாலை போட்டார்கள். சாப்பிடும்போதும் என் வீட்டுக்காரர் அதையே பேசினார். "வண்டல நம்ம வயலுக்கு அடிச்சுட்டா உரமே வேணாம், யோகம்." துபாயை விட்டு வந்த பிறகு இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 28
வண்டல் தீர்ந்துவிட்டது. லாரிகள் நிற்கவில்லை. இப்போது போவது சிவப்புச் சவுடு மண். எங்கோ ரோடு போடுகிறார்களாம்.

ஜூலை 5
காரைக்குடியில் கல்லூரி ஆய்வக வேலை முடிந்து வரும்போது கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்தேன். மடையின் வாய் என் தலைக்கு மேலே இருந்தது. கண்மாய்க்குள் நின்று மடையை அண்ணாந்து பார்ப்பதா? இது தூர்வாருவதுதானா?

அவரிடம் சொன்னேன். "ஆழமா இருந்தா தண்ணி நிறைய நிக்கும். படிச்சவளுக்கு இது தெரியலையா" என்றார், சிரித்தபடியே. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 15, திங்கள்
பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியும் நானும் சிவகங்கைக்குப் போய்க் குறைதீர் நாளில் மனுக் கொடுத்தோம். அதிகாரி புரட்டிப் பார்த்தார். "தூர்வாரச் சொன்னது உங்க ஊரு. இப்ப வாராதேன்னும் நீங்களே வந்து நிக்கிறீங்க."

பாண்டீஸ்வரி விடவில்லை. "சோத்துப் பானையத் தேச்சுக் குடுங்கன்னு கேட்டோம் சார். அடியைப் பேத்து வித்துட்டாக."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும்தான். மனுவை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் அவள், "இம்புட்டுச் சிரிக்க வச்சதுக்கு ஒரு டீயாச்சும் வாங்கித் தந்திருக்கலாம் மதினி அந்தாளு" என்றாள்.

ஆகஸ்ட் 3
யாரும் வந்து பார்க்கவில்லை. லாரி போகிறது.

ஆகஸ்ட் 20
லாரிக்காரர்களுக்கு ஊருக்குள் ஆளாக இருக்கிற ரவிக்குமார் வந்தான். "அண்ணே, மதினிய ஆபீசு ஆபீசா அலைய விடாதீக." இவர் என்னைப் பார்க்காமல், "சொல்லிக்கிறேன்" என்றார்.

அவன் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நவம்பர் 17
நல்ல மழை. கரையிலிருந்து பார்த்தால் கண்மாய் பளபளவென்று கிடக்கிறது. அவர் சொன்னதுதான் சரியோ? நானே தப்பாக இருந்துவிட்டுப் போகிறேன்.

டிசம்பர் 12
பயிர் தண்ணீர் கேட்கிறது என்று மடை திறந்தார்கள். மடைக்கருப்பருக்குப் பூசை முடிந்ததும் இவர்தான் மடைப்பலகையைத் தூக்கினார். வாய்க்காலில் ஒன்றும் வரவில்லை. அடைத்திருக்கும் என்று கம்பு விட்டுக் குத்தினார். கம்பின் நுனியில் காய்ந்த மண்.

தண்ணீர் மடைக்குக் கீழே, குழிகளில் நிற்கிறது. போன வருடம் இவ்வளவு மழையில்லை. அப்போதும் மடை ஓடியது.

இவர் பலகையை இறக்கி, இன்னொரு தரம் தூக்கினார். அதை எதுக்கு செஞ்சாரு — ஐயோ, அதை நான் பாத்திருக்கக் கூடாது.

டிசம்பர் 15
மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தார். குழியின் விளிம்பு சரிந்து மோட்டாரும் உள்ளே போய்விட்டது.

2025 ஜனவரி 9
காய்ந்த பயிரில் ஆடு மேய விட்டாயிற்று.

பிப்ரவரி 2
ரவிக்குமார் மறுபடி வந்தான். "வயலு சும்மாதானண்ணே கெடக்கு. மேல்மண்ணு அம்புட்டும் வண்டலு. செங்கச் சூளைக்குக் கேக்குறாக."

அடுப்படியில் நின்று காத்திருந்தேன். வேண்டாம் என்பார், கண்மாயைக் காட்டித் திட்டுவார் என்று.

"யோகம், தம்பிக்கு டீ போடு."

போட்டேன்.

பிப்ரவரி 21
துபாயில் மறுபடி வேலை கேட்டிருக்கிறாராம். பாண்டீஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். சூளைக்கு மண்ணெடுத்த பொக்லைன் போய்விட்டது. அவர் நம் வயலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். வரப்புக்கு மேலே அவருடைய தலை மட்டும் தெரிந்தது.