நாற்பத்து மூன்று கிணறுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள். நான்கு நாளாக நான் கூப்பிட்டால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். எனக்கும் எழுதினால்தான் பேச்சு வருகிறது.

"இங்கிலீஷ்ல கேட்டுச்சும்மா, மரியாதைக்கு யெஸ்னு அமுக்கினேன்" என்றீர்கள். ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா, அதாவது மொத்தமாக அழிக்கலாமா என்றுதான் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது.

என் இரண்டு வருடக் கிணற்று நீர் ஆய்வு முழுவதும் அதில் இருந்தது. "போனது போச்சு, கல்யாணத்தைப் பாரு" என்கிறார் மாமா. "வேற தலைப்பு எடும்மா" என்கிறார் பேராசிரியர். இருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டையும் செய்யப்போவதில்லை. மாதக் கடைசியில் இதே ஆய்வைத்தான் கொடுப்பேன்.

டிஸ்க்கைச் சரிசெய்பவரிடம் போனேன். ஃபார்மட் செய்தால் பெயர்ப் பட்டியல்தான் போகுமாம். அதன்மேல் வேறெதையும் ஏற்றாதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்குமாம். அளவுகள் எல்லாம் வந்துவிட்டன. நாற்பத்து மூன்று கிணற்றுப் படங்களும் வந்துவிட்டன, ஆனால் பெயரில்லாமல். எந்தப் படம் யார் வீட்டுக் கிணறு என்று தெரிந்தால்தான் வீட்டுப் பெயர் போட்டுக் குறித்த அளவுகளைப் படத்தோடு பொருத்த முடியும்.

"எல்லாமே வட்டமா ஒரு ஓட்டை. பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது" என்று அவர் சிரித்தார்.

எனக்கும் தெரியவில்லை. அங்கெல்லாம் நான் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் என்னை ஏற்றிப்போய், ஒவ்வொரு கிணற்றிலும் எட்டிப் பார்த்துத் தண்ணீர் இறைத்தவர் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து, எது யார் வீட்டுக் கிணறு என்று சொல்லுங்கள். யெஸ்ஸை நான் அமுக்கிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்