புதுப் பெயின்ட்

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் சாப்பிட அடம்பிடிக்கிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பதறாமல் படியுங்கள். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளிக்கு, பழைய இரண்டு சீட் விமானம் ஒன்று விலைக்கு வந்தது. கல்யாண போட்டோவில் உங்கள் முகத்தில் பவுடர் அப்பியிருக்குமே, அந்த மாதிரி பெயின்ட். முதலாளி அப்போதே ஏறிப் பறந்து பார்க்கத் துடித்தார். மெக்கானிக் நான் விடுவேனா?

"முதல்ல இன்ஜின் மூடியைக் கழட்டிப் பார்த்துடலாம் சார்."

"போன வாரம்தாம்மா பெயின்ட் அடிச்சேன்" என்று விற்க வந்தவர் முகம் சுளித்தார்.

"அதனாலதான் சார் பார்க்கணும்."

கழற்றினால், முன்சக்கரத்துக்கு மேலே தகடு கசங்கிக் கிடக்கிறது. கற்றுக்கொள்கிறவர்கள் தொப்பென்று இறக்கினால் அடி அங்கேதான் விழும். பக்கத்திலேயே ஒரு விரிசல், அதன்மேலும் பெயின்ட். முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேற்று வேறொன்று வாங்கினோம். பார்க்க வெளிறித்தான் இருக்கிறது. ஆனால் எங்கே அடிபட்டது, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று விற்ற அம்மாவே தொட்டுத் தொட்டுக் காட்டினார். நானும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். நாளை அதில் முதலில் பறக்கப்போவது முதலாளியும் நானும்தான். எல்லாம் நான் முடுக்கிய போல்ட்டுகள், பயப்படாதீர்கள்.

அப்புறம், எண்ணெய் துடைக்க இங்கே நல்ல துணியே இல்லை. உங்கள் பழைய நீலச் சட்டையை அனுப்புங்கள்.

வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள்
வாயாடி