நாடகத்துக்கு வராதே, பிரிஜெட்

சேசு மரி சூசை துணை

ஜீவனஹள்ளி, பெங்களூர் தண்டு
1900 ஏப்ரல் 24, செவ்வாய்க்கிழமை

என் பிரியமுள்ள மகள் பிரிஜெட்டுக்கும், மருமகப்பிள்ளை யூஜினுக்கும், சின்னவனுக்கும் அப்பா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் இந்த நேரம் வரைக்கும் சுகம். நாகபுரியில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். வருகிற திங்கட்கிழமை குழந்தையோடு ரயில் ஏறுவதாக எழுதியிருந்தாய். ஏறாதே அம்மா. கலியாணமாகிப் போன பெண்கள் எல்லாரும் கோடை நாடகத்துக்குத்தான் பிறந்த வீடு வருவீர்கள், அது தெரிந்தே எழுதுகிறேன். இந்த வருஷம் நாடகம் இல்லை. நிறுத்தினவன் நான்தான். வேறு யார் வாயாலும் நீ கேட்பதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒத்திகைக்காக மேடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையைத் திறந்தோம். நானும் உன் மாமன் மைக்கேல்ராஜும் மட்டும். ராஜா உடுப்பு வைத்திருக்கும் பெட்டியை நகர்த்தினால் அடியில் மூன்று எலி செத்துக் கிடந்தது, நான்காவது ஒன்று பட்டப்பகலில் குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு எங்கள் காலுக்கு நடுவில் வந்து விழுந்தது. எலி விழுந்தால் அடுத்தது பிளேக் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். உன் மாமன் எல்லாவற்றையும் கோணியில் வாரிக் கட்டிக்கொண்டு, "மச்சான், இத நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. இன்னும் ரெண்டு வாரம்தான், நாடகம் முடியட்டும்" என்றான். அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதே. முந்தின பிளேக்கில் அவன் பெண்சாதியை, உன் அத்தையைப் பிளேக் கேம்புக்கு ஏற்றிக்கொண்டு போனவர்கள், அவள் செத்த பிறகு முகத்தைக்கூட அவனுக்குக் காட்டவில்லை, வீட்டு ஓட்டைப் பிரித்துத் துணிமணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஊரே சேர்ந்து கொள்ளைநோய்க்குக் காவலான செபஸ்தியார் நாடகத்தை இனி ஒரு வருஷமும் விடுவதில்லை என்று நேர்ந்துகொண்டது. விட்டால் மறுபடியும் வரும் என்று அவன் நம்புகிறான்.

எனக்கும் அந்த மேடை சின்ன விஷயமா சொல். மனஸ்தாபம் உள்ளவர்கள் கை கொடுத்துக்கொண்ட பிறகுதான் ஒத்திகை தொடங்கும், உன் பெரியப்பாவும் நானும் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தது அங்கேதான் தீர்ந்தது, உன் கலியாணம் பேசினதும் அங்கேதான். கவுடர் வீட்டு வண்டியும் சாயபு கொடுக்கிற கூடாரத் துணியும் இல்லாமல் ஒரு வருஷம் நடந்ததில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். பிரிஜெட், ஒரு நாள் முழுக்க மூடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நம் தெரு ரொசாலி மகன் ஓஸ்வால்ட் எழுந்திருக்கவில்லை. இந்த வருஷம் செபஸ்தியார் வேஷம் அவனுக்குத்தான். உடுப்புக்குக் காவலாக ஒரு வாரமாய் அந்தக் கொட்டகையில்தான் படுத்திருந்தான். வெயில் காய்ச்சல் என்று ரொசாலி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒரு காலை மடக்கி வைத்தவன் நீட்டவே இல்லை. நீட்டச் சொன்னதற்கு அலறினான், தொடையிடுக்கில் கட்டி. கண் இரண்டும் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. "மாமா, ஒத்திகைக்கு வந்துடுவேன், என் வேஷத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று நாக்குக் குழற நாலைந்து தரம் சொன்னான். ரொசாலி என் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணே, கேம்புக்குக் கொண்டு போனா என் புள்ள திரும்ப மாட்டான், யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள். தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். வரும் வழியில் மேடைக்கு முன்னால் பொம்பளைகள் இடம் பிடிக்க இப்போதே கல் வைத்திருப்பதைப் பார்த்தேன். பத்து ஊர் ஜனம் அந்தத் தரையில் குழந்தைகளைப் படுக்கப் போடுவார்கள். உன் பிள்ளையும் அங்கேதான் படுத்திருப்பான்.

இன்று காலையில் முதலில் உன் மாமனிடம் போய், டாக்டர் துரையிடம் சொல்லப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "போங்க. அக்கா வூட்டு வாசல்ல இனிமே நான் கால் வைக்க மாட்டேன்" என்றான். போனேன், சொன்னேன். மத்தியானம் ரொசாலி வீட்டுக்குக் கேம்பு வண்டி வந்தது. ஒருத்தரும் கட்டிலைத் தொட வரவில்லை, கதவெல்லாம் சாத்திக்கொண்டார்கள். நான் ஒருவனாய்த் தூக்க முடியாமல் நிற்கும்போது உன் மாமன் வந்து மறுபக்கம் பிடித்தான். என்னைப் பார்க்கவில்லை. ஓஸ்வால்டை ஏற்றின பிறகு டாக்டர் துரையின் ஆளிடம், "இவ அவனோட அம்மா, கூட வருவா. வேணாம்னா வண்டி நகராது" என்று குதிரைக்கு முன்னால் நின்றுவிட்டான். ரொசாலியை ஏற்றிக்கொண்டார்கள். ஏறும்போது அவள் என் பக்கம் திரும்பி மண்ணை வாரித் தூற்றினாள். அதைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

பிறகு மைக்கேல்ராஜ் தமுக்கை எடுத்துக்கொண்டு, நாடகம் இல்லை, யாரும் வராதீங்க என்று மற்ற ஊர்களுக்குச் சொல்லப் போனான். இன்னும் திரும்பவில்லை. நாளைக்கு எங்கள் எல்லாரையும் மைதானத்துக் கூடாரங்களுக்கு மாற்றுகிறார்கள். உன் அம்மா செபமாலையும் ஒரு பானையும் மட்டும் கட்டி வைத்திருக்கிறாள். தெருவில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை. இன்று இன்னும் இரண்டு வீட்டில் எலி விழுந்திருக்கிறது.

நீ தண்ணீரைக் காய்ச்சிக் குடி, தானிய மூட்டையைப் படுக்கிற அறையில் வைக்காதே, சின்னவனைத் தரையில் படுக்கவிடாதே. பயணம் நின்றதற்காகக் கோபப்பட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமும் என்று சொல். மாதா உங்களைத் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக. ஒன்று மட்டும் மறக்காதே. இதற்குப் பிறகு வேறு கையெழுத்தில் ஒரு கடிதமோ தந்தியோ உனக்கு வந்தால், அதில் என்ன எழுதியிருந்தாலும், அங்கேயே எங்களுக்காக ஒரு பூசை வைத்துவிட்டு இருந்துகொள். ரயில் ஏறாதே.

இப்படிக்கு
உன் அன்புள்ள அப்பா
ரெமிஜியஸ்