உன் இடத்தில் மணல் மூட்டை

பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
12-1-1939, வியாழன்

அன்புத் தம்பி நஜிமுதீனுக்கு அண்ணன் அப்துல் மாலிக்கின் ஸலாம். அல்லாஹ் உதவியால் இங்கு எல்லோரும் நலம், என் காலைத் தவிர. பெங்களூரில் உன் நலத்தை இனியாவது உண்மையாக எழுது.

பந்தய மோட்டார் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, அண்ணன் சக்கரம் பார்த்ததில் ஏதோ கோளாறு என்று எழுதியிருந்தாய். எனக்கு வந்த கோபத்தில் வேலையாள் ஆண்டி பட்டறையை விட்டே ஓடிவிட்டான். வண்டியை அங்கே அனுப்புமுன் இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, முன் சக்கரங்களின் இடைவெளியை மூங்கில் குச்சியில் மூன்று தரம் குறித்தேன். முன்னால் அரைக்கால் அங்குலம் குறுகல், இருக்க வேண்டிய அளவுதான், மயிரிழை பிசகில்லை. ஓட்டுகிறவன் உட்கார்ந்தால்தான் சக்கரம் தன் நிலைக்கு வரும். நீ இங்கு இல்லாததால் உன் எடைக்குக் காவிரி மணலை மூட்டை கட்டி, உன் இடத்தில் வைத்துத்தான் அளந்தேன். நூற்று ஐம்பது ராத்தல், போன பக்ரீதுக்கு வந்தபோது அரிசி மண்டித் தராசில் நீ நின்ற எடை.

இதைச் சொல்லி வீட்டில் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே உன் மனைவி சுராயா அழுவது கேட்டது. என் முன்னால் வந்து பேசாத பெண். உன் அண்ணி கமர் ஜஹானிடம், அவங்க அளவு சரிதான், இவங்க உடம்புதான் அந்த அளவுல இல்லைன்னு சொல்லுங்க என்றாளாம். நீ கொடுத்தனுப்பிய நான்கு சட்டைகளையும் நாலு விரற்கடை பிடித்துத் தைக்கிறாள். கேட்டதற்குத் துணி தளர்ந்துவிட்டது என்று சொன்னாள், மடையன் நானும் நம்பினேன். ஒரு சட்டைப் பையில் கிடந்த கைக்குட்டையை இன்று காட்டினாள். துவைத்தும் போகாத ரத்தக் கறை. எத்தனை மாதமாக இருமுகிறாய், தம்பி?

ஞாயிறு பந்தயம். இந்தக் கடிதம் சனிக்கிழமை வந்தால் உண்டு. கிளம்பி வரலாமென்றால் வண்டியைத் தூக்கும் ஜாக்கி நழுவி நசுங்கிய காலை ஊன்ற முடியவில்லை. உன் நோயைத் தந்தியில் சொன்னால் அன்றே வண்டி முதலாளி உன்னை வெளியே அனுப்பிவிடுவார். அதனால் அவருக்கு வேறு தந்தி கொடுத்திருக்கிறேன்: என் அளவு தப்பு, வண்டியை ஓட்ட வேண்டாம் என்று. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை இப்படி எழுதினேன்.

அங்கே எவனாவது ஒரு மணி நேரத்தில் சக்கரத்தைத் திருத்திவிடுவான், அதுவும் தெரியும். அதற்கு மேல் என் கையில் எதுவுமில்லை. முதலாளி கேட்டால், ஆமாம், அண்ணனை நம்பி ஏறமாட்டேன் என்று சொல். என் பேர் கெட்டால் கெடட்டும். சக்கரம் சரியானாலும் நீ ஏறாதே. அடுத்த ரயிலில் வா. வந்ததும் புத்தூரில் டாக்டரைப் பார்ப்போம், ஏன் மறைத்தாய் என்று கேட்கமாட்டேன்.

சுராயா உன் சட்டைத் துணியை வெட்டவில்லை, உள்ளே மடித்தே தைத்திருக்கிறாள். அந்தத் தையலை அவள் பிரிக்கும் நாளை அல்லாஹ் தரட்டும்.

உன் வரவு பார்த்திருக்கும்
அண்ணன்
அப்துல் மாலிக்